கேணி யாருடையது?

தமிழக அரசின் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023ல் செல்போனுக்கு ஒரு செயலியைக் கொண்டுவந்தது. பள்ளிப் பாடங்களை அசையும் படமாக, குரலோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்க்கலாம். காசு கிடையாது. பேர் மணற்கேணி. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுவது மாதிரி படிக்கப் படிக்க அறிவு ஊறும் என்று வள்ளுவர் சொன்னதிலிருந்து எடுத்த பேர். நல்ல பேர்தான். வைத்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேணி என்கிற வார்த்தை காதில் விழுந்ததும் நம்ம சனத்துக்கு வள்ளுவர் ஞாபகம் வருவதற்கு முன்னால் இன்னொரு ஞாபகம் வந்துவிடுகிறது. அது யாரோட கேணி? நம்மள உள்ள விடுவாவளா?

1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாமே எல்லாச் சாதியாருக்கும் பொது என்பது அந்தத் தீர்மானம். நிறைவேறியது, அரசாணையாகவும் வந்தது. 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அரசாணை வந்து நூறு வருசம் முடிந்துவிட்டது. கிணறு பொதுதான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கிணற்றுக்குப் போகிற பாதை மட்டும் ஊருக்குள்ளே போகிறது. வாளியும் கயிறும் இன்னொருத்தர் வீட்டில் இருக்கிறது. டிஜிட்டல் கல்வி என்று இப்போது பேசுகிறவர்கள் கேணியின் ஆழத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை ஆயிரம் வீடியோ, எத்தனை திறன் பலகை, எத்தனை கைக்கணினி. நான் இங்கே பேச நினைப்பது பாதையையும் கயிற்றையும் பற்றி. அதுவும் எங்கோ உள்ள ஊரைப் பற்றி இல்லை. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்து உண்டாக்கிய நம் தென்காசி மாவட்டத்தைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தோழர்களே. கம்ப்யூட்டர் வேண்டாம், அது முதலாளிகளின் சூழ்ச்சி என்று பேசுகிற ஆட்கள் நம்ம பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று விசாரித்தால் விசயம் புரிந்துபோகும். எனக்கு அந்த எண்ணம் இல்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு காலனியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "டிவில வர்ற டீச்சர் நல்லாச் சொல்லித் தருதாவ. எந்தத் தெருன்னு கேக்க மாட்டாவ." விளையாட்டாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் கேட்காத, தெரு கேட்காத, நோட்டை விரல் நுனியால் தள்ளாத ஒரு வாத்தியார் அவளுக்கு முதன்முதலாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடைத்திருக்கிறார். அந்தப் பெட்டியை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கோணிச் சாக்கைக் கையில் தூக்கிக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்து படித்தவர் நம் தலைவர். படிக்கிறதுக்கு எந்தக் கருவி வந்தாலும் அதை முதலில் கேட்கிற கூட்டமாக நாம் இருக்க வேண்டும். அந்தக் கருவி யார் வழியாக, எந்தத் தெரு வழியாக, எந்த நிலைமையில் நம் பிள்ளையின் கைக்கு வந்து சேருகிறது என்பதே என் கேள்வி.

கொரோனாக் காலத்தை எடுத்துக்கொள்வோம். மறந்துபோன மாதிரி எல்லோரும் நடிக்கிறார்கள், மறக்க விடக்கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இருபது மாசத்துக்குப் பக்கம். நாலாம் வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளை ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. இந்த இருபது மாசமும் படிப்பு நடந்ததாகக் கணக்கு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அட்டவணை போட்டு வகுப்பு நடத்தினார்கள். 2018ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கட்டம் கட்டமாகக் கறுப்புச் சதுரம் அச்சடித்திருந்தார்கள்; போனை அதன் மேல் காட்டினால் பாடம் ஓடும். தனியார் பள்ளிகள் போனிலேயே வகுப்பு நடத்தின.

நம்ம வீடுகளில் என்ன நடந்தது? கலைஞர் ஆட்சியில் 2006க்குப் பிறகு கொடுத்த கலர் டிவி பாதி வீட்டில் பழுதாகி மூலையில் கிடந்தது, மேலே துணி மூட்டை. ஓடுகிற டிவிக்குக் கேபிள் காசு பாக்கி. 2011லிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜெயலலிதா அரசு கொடுத்த மடிக்கணினி சில வீட்டில் இருந்தது. அண்ணனோ அக்காவோ வாங்கி வந்தது. பேட்டரி செத்து, வயரைச் செருகினால் மட்டும் ஓடும். சில வீட்டில் அது அடகுக்கடைக்குப் போய்த் திரும்பவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் நிறையப் பேர். "ஓசியில் கொடுத்தால் இப்படித்தான்" என்றார்கள். தாலியை அடகு வைத்தால் கஷ்டம், மடிக்கணினியை அடகு வைத்தால் ஒழுக்கக்கேடு. என்ன நியாயமோ! பழுது பார்க்க மாவட்டத்தில் ஒரு இடம் வைத்துக் கொடுத்திருந்தால் அந்தப் பெட்டிகளே அந்த இருபது மாசத்தை ஓட்டியிருக்கும். 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்த திட்டம் அது. கொடுத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை.

போன் என்று எடுத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு ஒன்று. அதுவும் அப்பன் கையில். "மூணு பிள்ளையளுக்கு ஒரு போனு தம்பி. அதையும் அவ்வொ அப்பா கேரளாவுக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டாவ. பாடம் யாருக்கு வரும்?" என்று கடையம் பக்கத்து அக்கா ஒருத்தர் கேட்டார். குற்றாலத்தில் 2020ல் சீசனே இல்லை. அருவிகளை அடைத்து வைத்திருந்தார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சாரலில் எண்ணெய் தேய்த்து விட்டு, பழம் விற்று, வண்டி நிறுத்த டோக்கன் கிழித்துச் சம்பாதிக்கிற காசில்தான் பல வீட்டில் பள்ளிக்கூடச் செலவே நடக்கும். அந்த வருசம் காசும் இல்லை, ரீசார்ஜும் இல்லை. டவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருவிக்கரையில், லாட்ஜ் உள்ள பக்கமெல்லாம் சிக்னல் கொட்டும். மலையடிவாரத்துக் காலனியில் புளியமரத்துக் கிளையில் ஏறினால் ஒரு கோடு வரும். மலையில் உள்ள பளியர் குடியிருப்புகளுக்கு அந்த ஒரு கோடும் இல்லை.

அப்புறம் பீடி. தென்காசி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் அடைத்த முதல் மாசத்திலேயே பிள்ளைகள் மடியில் பீடித்தட்டு ஏறிவிட்டது. முதலில் இலை நறுக்கிக் கொடுப்பாள். அப்புறம் நூல் கட்டுவாள். ஆறு மாசத்தில் முழுசாகச் சுற்றப் பழகிவிடுவாள். டிவியில் கணக்குப் பாடம் ஓடும், இவள் கை இலையைச் சுருட்டும். இரண்டும் ஒரே அறையில். வீட்டில் உள்ளவர்கள் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை, பள்ளிதான் நின்றுபோனது. அதனால் எந்தப் பதிவேட்டிலும் இவள் இடையில் நின்றவள் இல்லை. பதினேழு வயசில் இன்றைக்கும் பீடி சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் அந்த நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு நேராகத் தெரிந்த பிள்ளைகள்.

இது தென்காசியின் தனிக்கதை இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வசதியில்லாத சுமார் 1,400 வீடுகளில் ஜீன் திரேஸ் முதலானோர் ஒரு கணக்கெடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 100க்கு 8. அதிலும் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளை மட்டும் தனியாகப் பார்த்தால் 100க்கு 4. மற்றச் சாதிக் கிராமப் பிள்ளைகள் 100க்கு 15. எல்லாமே ஏழை வீடுகள், அதே ஊரடங்கு, அதே ஆன்லைன். வறுமை மட்டும்தான் காரணம் என்றால் இந்த நாலும் பதினைந்தும் எப்படி வந்தது? சாதியைப் பேசாமல் வறுமையை மட்டும் பேசுகிற தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் தேதி அரசுத் தொலைக்காட்சி வழியாக வகுப்புத் தொடங்கினார்கள். அன்றைக்கே மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். வீட்டு டிவி பழுது, நல்ல போன் இல்லை, அப்பாவுக்கு வேலை இல்லை. அங்கே டிவியோ போனோ இல்லாத பிள்ளைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று அரசின் கையில் கணக்கு இருந்தது. கணக்கு இருந்தும் வகுப்பைத் தொடங்கினார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொது மையங்களிலும் டிவி வைக்கிற வேலை வேகமாக நடந்தது. நம் பக்கம் அப்படி ஒரு அதிர்ச்சிகூட நடக்கவில்லை. இங்கே பிள்ளைகள் சத்தமில்லாமல் பீடித்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உருப்படியாக வந்தது என்று நான் சொல்லக்கூடியது இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் போல. அதே தெருவில் படித்த ஒருத்தர், பெரும்பாலும் பெண்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும். மாசம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு இதைச் செய்யச் சொல்வது உழைப்புச் சுரண்டல் என்று அப்போதே நம்ம ஆட்கள் சிலர் பேசினார்கள். பேசியதில் தப்பில்லை. ஆனால் ஆலங்குளம் ஒன்றியத்தில் ஒரு ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

பி.காம். முடித்தவள், காலனிப் பெண். தன்னார்வலராகத் தேர்வானாள். முதல் வாரம் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காலனிக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், விளையாட்டுப் பாட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு வந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருத்தரும் இல்லை. ஊர்க் கோயில் மண்டபத்தில் தனியாக ஒரு மையம் வைத்துக்கொண்டார்கள். காலனிப் பிள்ளைகள் அந்த மண்டபத்துக்குப் போக முடியாது என்பதை யாரும் எழுதி ஒட்டவில்லை, எழுதி ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அரசுக் கணக்கில் அந்த ஊரில் இரண்டு மையம் நன்றாக நடக்கிறது. அதிகாரிக்குச் சந்தோசம், எண்ணிக்கை கூடிவிட்டதே!

ஆனால் அவள் விடவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள். மழை வந்தால் அவள் வீட்டுத் திண்ணை, இல்லையென்றால் வேப்பமரத்தடி. போட்டித் தேர்வுக்குப் படிக்க அவள் தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்துக்கு வந்துபோவாள். டவர் நன்றாக இருக்கிற டவுனில் அன்றன்றைக்கு வேண்டிய பாட வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் தன் போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துக் காட்டுவாள். காட்டிவிட்டு நிறுத்துவாள். "என்னலே புரிஞ்சுச்சு, சொல்லு பாப்போம்" என்பாள். ஒருத்தன் தப்பாகச் சொல்வான், இன்னொருத்தி திருத்துவாள். மறுபடி ஓட்டுவாள். சிலேட்டில் எழுத வைப்பாள். ஒன்றரை வருசம் எழுத்தே மறந்துபோன பிள்ளைகள் மூன்று மாசத்தில் கூட்டி வாசித்தார்கள். உயரத்தில் தொங்குகிற திறன் பலகை செய்யாததை, செங்கல்லில் சாய்ந்த உடைந்த கண்ணாடிப் போன் செய்தது. அந்த வீடியோ முன்னாலும் இருந்தது. நடுவில் ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். தெருவைத் தெரிந்த, பிள்ளையின் பேரைத் தெரிந்த, இன்றைக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கே போய் "ஏன்த்தே பிள்ளைய அனுப்பல" என்று கேட்கிற ஆள்.

அந்தத் திட்டத்தைத்தான் பிறகு படிப்படியாகச் சுருக்கினார்கள். பணம் இல்லை என்றார்கள். பணம் இல்லாததற்கு ஒரு காரணம் டெல்லியில் இருந்தது உண்மை. புதிய கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தமிழக அரசு 2025ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி செய்தது அயோக்கியத்தனம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பணம் குறையும்போது எதை முதலில் வெட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் சென்னையில் உட்கார்ந்திருந்தார்கள். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 திறன் வகுப்பறைகள் என்று பெரிய பட்டியல் போட்டார்கள். ஆசிரியர்களுக்கு 80 ஆயிரத்துக்குப் பக்கம் கைக்கணினி. பலகை வாங்கினால் டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு, படம் பிடிக்கலாம். காலனியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பி.காம். பெண்ணுக்கு டெண்டர் கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். போன் என்பது பாடம் மட்டும் காட்டுகிற பெட்டி இல்லை. சங்கரன்கோவில் தாலுகா பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சின்னஞ்சிறுசுகள், மிட்டாய் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்க தெருவுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை அவரே போனில் படம் பிடித்தார். அவரே வாட்ஸாப்பில் அனுப்பினார். தன் வீரத்தைத் தன் ஆட்களுக்குக் காட்டத்தான். அந்தப் படமே சாட்சியாக மாறிக் கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். ஐந்து பேர் ஆறு மாசம் ஊருக்குள் நுழையக்கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சிறப்பு நீதிமன்றம் உத்தரவு போட்டது. சட்டத்தில் அந்தப் பிரிவு ரொம்ப நாளாக இருக்கிறது. பயன்படுத்திப் பார்த்தது அப்போதுதான். நல்லது. ஆனால் அந்த முகங்களை யோசித்துப் பாருங்கள். கடைப்பலகையில் கை வைத்துக்கொண்டு ஏன் என்று புரியாமல் நிற்கிற அந்தப் பிள்ளைகளின் முகம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய முதல் டிஜிட்டல் பாடம் அது.

கையில் கட்டுகிற சாதிக் கயிறு கதையும் இப்படித்தான். கயிற்றுக்குத் தடை என்று பள்ளிக் கல்வி இயக்குநர் 2019 ஜூலை 31 தேதி போட்டு ஒரு சுற்றறிக்கை விட்டார். எனக்குத் தெரியாமல் வந்தது, பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் அதைப் படுக்க வைத்தார். 2023 ஆகஸ்ட் 9ல் நாங்குநேரியில் நம் பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டு, 2024 ஜூன் 18ல் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னார். கயிறு இப்போது சில பள்ளிகளில் குறைந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அது கையிலிருந்து திரைக்குப் போயிருக்கிறது. காலையில் ஸ்டேட்டஸில் சாதித் தலைவர் படம், அரிவாள் பாட்டு, அந்தந்தச் சாதியின் வண்ணம். வகுப்புக்கு என்று வாத்தியார் தொடங்கிய வாட்ஸாப் குழுவில் பதினைந்து வயசுப் பையன் அந்தப் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் கேட்கிறான். வாத்தியாரும் பார்க்கிறார், பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறார். சில வாத்தியார் முகப்பிலும் அதே வண்ணம். மணற்கேணிக்குப் பாடம் தயாரித்தவர்கள் இந்தக் குழுக்களுக்கு என்ன செய்வது என்று ஒரு வரி யோசித்திருக்கிறார்களா? ஆசிரியர் பயிற்சியில் இது இருக்கிறதா? எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று சொல்லித் தருகிறார்கள்.

படித்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே மீனாட்சிபுரம் இருக்கிறது. 1981 பிப்ரவரியில் மதம் மாறிய குடும்பங்களில் படித்தவர்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் உண்டு. படிப்பு கொடுக்காத ஒன்றைத் தேடித்தான் அவர்கள் போனார்கள். சரி, அது தனியாக எழுத வேண்டிய விசயம்.

உதவித்தொகைக்கு வருகிறேன். உதவி என்பதும் இப்போது டிஜிட்டல்தான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பட்டியல் சாதி மாணவர்களின் உதவித்தொகையில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று 2020 டிசம்பரில் முடிவானது. பணம் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும், நடுவில் யாரும் தின்ன முடியாது என்றார்கள். தின்கிற ஆள் குறைந்தது உண்மை. அதற்குப் பதிலாக வந்து நிற்பது ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருப்பது. சாதிச் சான்றிதழில் முத்துலெட்சுமி, ஆதாரில் முத்துலட்சுமி. கணக்கில் ஆதார் சேரவில்லை. சேர்க்கப் போனால் ரகசிய எண் அப்பா போனுக்குப் போகும், அப்பா புனலூரில் ரப்பர் தோட்டத்தில். இரண்டு வருசமாகப் பணம் போடாத கணக்கு என்று வங்கியில் முடக்கி வைத்திருப்பார்கள். கல்லூரிக்காரன் பணம் கட்டு என்பான். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளை மூன்று தடவை கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் அலைந்து, நாலாவது தடவைக்கு பஸ் காசு இல்லாமல் விட்டுவிட்டாள். கணினியில் அவள் விண்ணப்பம் "நிலுவை" என்று காட்டுகிறது. அவளே இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். இதற்கு வேண்டியது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வாரம் ஒரு நாள், காலனிக்கே வந்து உட்கார்ந்து, கணினியோடும் கைரேகைக் கருவியோடும் இந்தப் பேர்க் குழப்பங்களைத் தீர்த்துவிட்டுப் போகிற ஒரு ஆள். மாவட்டத்தில் பத்து ஒன்றியம் இருக்கிறது. பத்து ஆள் போதும்.

கடைசியாக விடுதி. எனக்கு இதில்தான் ஆத்திரம் அதிகம். காலனியில் இடமில்லாத, வீட்டில் விளக்கில்லாத பிள்ளை படிக்க வந்து தங்குகிற இடம் ஆதிதிராவிடர் நல விடுதி. 2023ல் பள்ளி விடுதிப் பிள்ளைக்கு மாசச் சாப்பாட்டுக் காசை 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக்கினார்கள். நாள் ஒன்றுக்கு 47 ரூபாய் வரவில்லை. குற்றாலத்தில் ஒரு பரோட்டாக் கடையில் போய் 47 ரூபாயைக் கொடுத்து மூன்று வேளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் மாநிலம் முழுக்க உள்ள 2,739 நல விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று பேர் வைத்தார்கள். பேரில் எனக்குப் பிணக்கில்லை. அதே 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருசத்தில் கணினி என்று அறிவிப்பும் வந்தது. வரவேற்கிறேன். அந்தக் கணினியை நம் விடுதிப் பையன் எங்கே செருகுவான்?

கேலிக்குக் கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். ஒரு கூடத்தில் முப்பது பையன்கள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அந்தக் கூடத்தில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்று. அதில் ஒரு பெட்டியை மாட்டி, அதிலிருந்து இன்னொரு பெட்டியை மாட்டி, ஆறு போன் தொங்குகிறது. ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தன், மூணு மணிக்கு ஒருத்தன் என்று முறை வைத்து எழுந்து சார்ஜ் போடுகிறார்கள். முறை தவறியவன் மறுநாள் கல்லூரியில் பாட்டரி இல்லாத போனோடு உட்கார்ந்திருக்கிறான். வாசிப்பதற்கு ஒரு மேசை இல்லை. கேரளத்தில் 2019 செப்டம்பரில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் போன் வைத்திருக்க நேரக் கட்டுப்பாடு போட்டதை எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயித்தாள். இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று அங்கே உயர்நீதிமன்றம் சொன்னது. நம் பையன்கள் இணையம் கேட்கும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் கேட்பது கரண்ட்.

தென்காசி மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. சட்டமன்றத்துக்குச் சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித்தொகுதி. நம் ஓட்டில், நம் பேரில் ஜெயித்துப் போகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய பட்டியல் பெரிசாக இல்லை. விடுதிக்கு பிளக், மேசை, இணைப்பு, பழுது பார்க்க ஆள். காலனிக்கு ஒரு மாலை மையம். அதில் சொல்லித் தருகிற பெண்ணுக்கு ஆயிரம் ரூபாய்ப் பிச்சை போடாமல் சம்பளம். ஒன்றியத்துக்கு ஒரு உதவித்தொகை ஆள். ஊர் மண்டபத்தில் நடக்கிற எந்த அரசு வகுப்பாக இருந்தாலும், காலனிப் பிள்ளை நுழைய முடியாத இடம் என்றால், அங்கே நடக்க அனுமதி கிடையாது என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்தில் ஒரு உத்தரவு.

கேட்பதற்கு முன்னால் நம் கையில் கணக்கு வேண்டும். அதனால் வாசகத் தோழர்களுக்கு ஒரு வேலை. செங்கோட்டை, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர், கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம், தென்காசி — உங்கள் ஒன்றியத்தில் உள்ள நல விடுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். காப்பாளரிடம் சண்டை வேண்டாம், அவரும் பாவம். நான்கு விசயம் எண்ணி எழுதி அனுப்புங்கள்: தங்கியிருக்கிற பிள்ளைகள் எத்தனை, வேலை செய்கிற பிளக் பாயிண்ட் எத்தனை, எரிகிற விளக்கு எத்தனை, உட்கார்ந்து எழுத மேசை எத்தனை. பையன்கள் பேர் எழுத வேண்டாம். அஞ்சலட்டை போதும். சந்தா பாக்கி வைத்திருக்கிறவர்களும் தயங்காமல் எழுதலாம், அதைப் பிறகு பேசிக்கொள்வோம். அடுத்த இதழில் பத்து ஒன்றியத்துக் கணக்கையும் அப்படியே அச்சடிப்போம். அச்சான இதழை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு எந்தத் திங்கட்கிழமை போவது என்பதை அதே பக்கத்தில் சொல்கிறேன்.